ஏழு டெர்மினலும் ஒரு சுண்டுவிரலும்

ராஜபாளையத்தில் போய் சண்முகத்தாய் வீடு எது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. முதலாவது, அவள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. இரண்டாவது, அவள் ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டவளும் இல்லை, மேடையேறிப் பேசியவளும் இல்லை. காலை ஏழேகாலுக்குப் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, தென்காசி ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்பி வந்த பெண். அப்படிப் போய்வந்த ஆயிரம் பேரில் ஒருத்தி. ஆனாலும் அவள் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பிறந்தது மகாராஜபுரம், வத்திராயிருப்புப் பக்கம். வீட்டில் கொஞ்சம் நெல்லும் நாலு மாடும். 1980-ல் பிளஸ் டூ என்ற படிப்பு முதன்முதலாகப் பரீட்சைக்கு வந்தபோது அந்த முதல் கூட்டத்திலேயே பாஸானாள். கணக்கில் நல்ல மார்க். மேலே படிக்க வைக்க வீட்டில் தெம்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு ஆபீஸ் வேலைக்குக் காத்திருந்ததில் ஒரு வருஷம் போனது. கடைசியில் கிடைத்தது மில்லில் கோன் வைண்டிங்.

வைண்டிங் என்றால், சின்ன பாபினில் வரும் நூலைப் பெரிய கோனில் சுற்றி ஏற்றுகிற வேலை. டிரம் சுழலும், அதன்மேல் கோன் உட்கார்ந்து சுழலும். நூல் அறுந்தால் முதலில் கோனை டிரம்மை விட்டுத் தூக்க வேண்டும். பிறகு முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கோனை இறக்க வேண்டும். வரிசை மாறினால் போச்சு. முடிச்சுப் போடாமல் இறக்கினால் நூல் முனை உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அந்தக் கோன் எந்தத் தறிக்குப் போனாலும் அங்கிருந்து வசவு வரும். சண்முகத்தாய் ஒன்பது வருஷம் இந்த வேலை பார்த்தாள். அவள் சுற்றிய கோன் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு விசில் அடித்தது. “இன்னும் ரெண்டு வருஷம் அந்தத் தூசிக்குள்ள நின்னேன்னா, பொறவு எங்கிட்ட வந்து பிரயோஜனமில்ல” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, 1990-ல், மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டிங் தெரிந்த பெண்கள் பெயர் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் போட்டார்கள். ஏழு பேர் தேறினார்கள். ஏழு பேரையும் மில் செலவிலேயே பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு இரண்டு மாதம் அனுப்பினார்கள். அங்கிருந்த மாஸ்டருக்கு வேர்ட்ஸ்டார் என்ற ஒரே ஒரு சமாச்சாரம்தான் தெரியும். ஆனால் அந்த ஒன்றை உயிரை வாங்கிக் கற்றுக்கொடுத்தார். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு டபிள்யூ தட்டினால் பக்கத்தில் ஒரு வரி மேலே போகலாம், இஸட் தட்டினால் ஒரு வரி கீழே போகலாம். “டபிள்யூ மேல, இஸட் கீழ! டபிள்யூ மேல, இஸட் கீழ!” என்று ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டி, ஏழு பேர் விரலிலும் அதை ஏற்றிவிட்டுத்தான் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.

கம்ப்யூட்டர் இருந்தது கண்ணாடிக் கதவு போட்ட ஏசி ரூமில். தூசி என்ற பேச்சே கிடையாது. சுவரோரமாக ஒரு பெரிய மெஷின், அதிலிருந்து ஏழு ஒயர், ஏழு டெர்மினல், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மூன்றே மாதத்தில் சண்முகத்தாய்க்கு மூச்சு சீரானது. படியேறும்போது பேசிக்கொண்டே ஏறினாள். அவளுக்கு அந்த ரூம் வேலை மட்டும் அல்ல, உயிர்.

வேலை என்னவோ எளிதுதான். ஒவ்வொரு லாட் நூலுக்கும் திரையில் ஒரு பக்கம். நூலின் நம்பர், முறுக்கு எந்தப் பக்கம், நாற்பது மூட்டைகளின் எடை என்று வரிசையாக ஏற்ற வேண்டும். பக்கம் முழுக்க ஏறினால்தான் கேட்டில் லாரியை விடுவார்கள். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தது மதுரைக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த சுந்தரபாண்டியன். இரண்டு மாதம் அந்த ரூமிலேயே உட்கார்ந்து எழுதினான். சண்முகத்தாய் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு, இது என்ன, அது எதற்கு, இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று துளைத்தெடுத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது அவன் தன் ‘சி’ என்ற புரோகிராம் பாஷைப் புஸ்தகத்தை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு, “இனிமே இத கேட்டுக்கிடுங்கக்கா, என்னை விட்டுருங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் வெளிநாட்டுக்கே போய்விட்டான். அவள் அந்தப் புஸ்தகத்தைப் பஸ்ஸில் படித்தாள், அடுப்படியில் படித்தாள், அட்டை கிழிந்து தைத்துப் படித்தாள். சின்னச் சின்னதாக எழுதியும் பழகினாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

1993-ல் பழைய மெஷினை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். புரோகிராம் அதேதான். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. எல்லாருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பத்து நாள் இருந்தது.

பதினோராம் நாள் ஜெயபாயின் திரை செத்துப்போனது. ஏழு பேரில் மூத்தவள் ஜெயபாய். ராஜபாளையத்துக்காரி, வாய்க்கு வஞ்சனை இல்லாதவள். பாதிப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தபோது திரையின் மூலையில் ஒரு டாலர் குறி வந்து நின்றது. அவ்வளவுதான். எதைத் தட்டினாலும் ஓர் எழுத்து விழவில்லை. டெர்மினலை அணைத்துப் போட்டாள். டாலர் குறியும் போனது. ஒரு லாட்டை ஒருத்தி திறந்து வைத்திருக்கும்போது இன்னொருத்தி தொட்டுவிடக் கூடாது என்று புரோகிராம் அதைப் பூட்டி வைக்கும். ஜெயபாய் திறந்த லாட் அப்படியே பூட்டிக்கொண்டது. வேறு யார் கேட்டாலும் ‘காத்திருக்கவும்’ என்றே வந்தது. லாரி கேட்டில் நின்றது. கடைசியில் பெரிய மெஷினையே நிறுத்தி ஓட்ட வேண்டியதாயிற்று. மற்ற ஆறு பேர் அடித்திருந்த பாதிப் பக்கங்களும் அதோடு போயின.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு இன்னொருத்தி. மெஷின் விற்ற கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். ஆடி மாதத் தொடக்கத்தில், தூத்துக்குடிக் கப்பலுக்குப் போக வேண்டிய லாரி நாலு மணி நேரம் கேட்டில் நின்றபோது ஆபீஸ் மேனேஜர் பொன்னுராஜுக்குப் பொறுமை போய்விட்டது. பொல்லாத மனுஷன் இல்லை அவர். ஆனால் முதலாளி வீட்டுப் போன் மணி அடித்தாலே எழுந்து நின்று எடுக்கிற ஆள்.

“மெஷின்ல கோளாறு இல்லங்கான். அப்ப கோளாறு யார்ட்டம்மா?” என்றார்.

“நாங்க ஒண்ணத்தையும் அமுக்கல சார், சத்தியமா” என்றாள் ஜெயபாய்.

“சத்தியத்துல லாரி ஓடாதும்மா. ஆண்டாள் தேர் கழிஞ்ச திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது தீரலைன்னா ஏழு பேரும் வைண்டிங்குக்கே திரும்பிப் போங்க. மதுரையில இருந்து ரெண்டு ஆம்பளைகளக் கூட்டியாந்து இந்த ரூமப் பாத்துக்கிடச் சொல்லுதேன். முதலாளியும் அதத்தான் சொல்லுதாரு.”

மற்ற ஆறு பேருக்கும் அது அவமானம். சண்முகத்தாய்க்கு அது டாக்டர் சொன்ன அந்த இரண்டு வருஷம். அன்று பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எந்த ஸ்டாப் போனது என்றுகூடத் தெரியாமல் வந்து இறங்கினாள்.

மறுநாள் முதல் அழுகையை ஏறக்கட்டிவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தாள். எப்போது நிற்கிறது? காலையிலா, மாலையிலா? இல்லை. யாருக்கு நிற்கிறது? எல்லாருக்கும். எங்கே நிற்கிறது? இதில்தான் ஒரு நூல் முனை கிடைத்தது. எப்போதும் இருபதாவது மூட்டைக்குப் பக்கத்தில்தான் நின்றது. திரையில் இருபது மூட்டைதான் தெரியும், மிச்சம் கீழே. இதை யோசித்துக்கொண்டே தன் லாட்டை அடித்தாள். இருபது முடிந்தது. இருபத்தொன்றைப் பார்க்க வேண்டும் என்று மனசு நினைத்ததோ இல்லையோ, இடது சுண்டுவிரல் நழுவிப் போய்க் கன்ட்ரோலில் உட்கார்ந்தது, பக்கத்து விரல் இஸட்டைத் தட்டியது. டாலர் குறி வந்து நின்றது.

தன் சுண்டுவிரலைத் தானே கையும் களவுமாகப் பிடித்த பெண் அவளாகத்தான் இருப்பாள். “பாவி மாஸ்டரே!” என்று வாய்விட்டுக் கத்தினாள். ஏழு பேரும் பொய் சொல்லவில்லை. அமுக்கியது அவர்களுக்கே தெரியாது. பழைய மெஷினுக்குக் கன்ட்ரோல் இஸட் என்றால் ஒரு அர்த்தமும் கிடையாது, அதனால் மூன்று வருஷம் தெரியாமலே ஓடியிருக்கிறது. புதிய மெஷினுக்கு அதற்கு அர்த்தம் இருந்தது.

என்ன அர்த்தம் என்பது பொன்னுராஜ் அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த தடித்தடியான மூன்று புஸ்தகங்களில் இருந்தது. இரண்டு நாள் மதியச் சோற்றை விட்டுவிட்டு அவற்றைப் புரட்டினாள். கன்ட்ரோல் இஸட் அமுக்கினால் மெஷின் அந்தப் புரோகிராமுக்கு ‘செத்த நேரம் நில்லு’ என்று ஒரு சிக்னல் அனுப்புகிறது. புரோகிராம் சாகவில்லை. தூங்குகிறது. டாலர் குறி, மெஷின் அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கிற இடம். அதில் எஃப், ஜி என்று இரண்டு எழுத்துத் தட்டினால் ‘எழுந்து நட’ என்று இன்னொரு சிக்னல் போகும், அதுவும் எழுந்து நடக்கும். ஆனால் சுந்தரபாண்டியன் இந்த சிக்னல்களைப் பற்றி நினைத்தே பார்க்கவில்லை. அதனால் புரோகிராம் போட்டது போட்டபடி தூங்கிவிடுகிறது. தட்டுகிற எழுத்து திரையில் தெரியாதபடி கீபோர்டைத் தன் வசம் வைத்துக்கொண்டே தூங்குகிறது. லாட்டைப் பூட்டிய பூட்டையும் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறது. டெர்மினலை அணைத்தால் அதற்கு என்ன? அது தூங்குவது டெர்மினலில் இல்லையே, பெரிய மெஷினுக்குள் அல்லவா!

ஓடிப்போய்ப் பொன்னுராஜிடம் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு, “அம்புட்டுதானா?” என்றார். “ஏலே கருத்தப்பாண்டி!” என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஜெயபாயின் கீபோர்டிலிருந்து இஸட் கீயை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுக்கச் சொன்னார். அது டக்கென்று வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. பிரச்சினை தீர்ந்த முகத்தோடு அடுத்த கீபோர்டைக் காட்டினார்.

“சார், முறுக்கு?” என்றாள் ஜெயபாய்.

நூலை எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்பதற்கு இரண்டே எழுத்து: எஸ் அல்லது இஸட். அந்த மில்லில் ஓடிய ஒற்றை நூல் அத்தனையும் இஸட் முறுக்கு. இஸட் போடாமல் ஒரு லாட்டையும் ஏற்ற முடியாது. முப்பது வருஷமாக நூல் மில்லில் இருக்கிற பொன்னுராஜ், கையிலிருந்த அந்த எழுத்தைத் தானே பழைய இடத்தில் வைத்து அழுத்தினார். கருத்தப்பாண்டி சிரிப்பை அடக்க வெளியே போனான்.

“சார், அதுக்கு ஸ்குரூ டிரைவர் வேண்டாம்” என்றாள் சண்முகத்தாய். “கன்ட்ரோல் இஸட்டச் செல்லாமப் பண்ண ஒரு வரி போதும். இப்பமே போட்டுருதேன். லாரி நிக்காது.”

“போடு. ஆனா ஒண்ணு. நீங்க அமுக்குனதாலதான் நின்னுச்சுன்னு ஆயிருச்சுல்ல? முதலாளி கேட்டா ஆப்பரேட்டர் தப்புன்னுதான் நான் எழுதணும். மதுரை ஆளுகள வரச் சொல்லியாச்சு.”

சண்முகத்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் குரல் இறங்கும்.

“தப்பு விரல்ல இல்ல சார், புரோகிராம்ல. கை பட்டா விழுந்துருதது என்ன புரோகிராம்? கேட்டுல இருந்து வேற லாரிய பத்திப் போன் வந்தா, இப்பமும் பாதிப் பக்கத்த அழிச்சுட்டுத்தான் அந்த லாட்டத் தொறந்து பாக்கோம். ஒழுங்கா நிறுத்தி ஒழுங்கா ஓட்ட முடிஞ்சா எம்புட்டு வேலை மிச்சம்! அந்த ஒரு வரி திங்கக்கெழம வரைக்கும் இருக்கட்டும். அதுக்குள்ள நான் இத சரி பண்ணிக் காட்டுதேன். முதலாளியவே கூட்டியாங்க.”

“நீயா?” என்றார் பொன்னுராஜ்.

“நான்தான்.”

சொல்லிவிட்டாள். உடனே உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் போட்டாள்.

அன்று புரோகிராம் முழுவதையும் அகலப் பேப்பரில் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருஷன் சமுத்திரம் மினி லாரி ஓட்டுகிறவர். பேப்பர் மடிப்பு மடிப்பாக விரிந்து கூடத்தைத் தாண்டி வாசல்வரை போனது. அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏட்டி, இது என்ன, முடியவே முடியாதா? எட்டுக் கெஜச் சேலை தோத்துரும்!”

“கசக்கிராதீங்க. நான் பூட்டு எங்க இருக்குன்னு தேடுதேன்.”

“பூட்டா? இதுக்குள்ளயா?” என்றவர், அதற்குமேல் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடைக்குப் போய் இட்லி வாங்கி வந்தார். அந்த வாரம் முழுக்க அடுப்பு எரிந்தது கொஞ்சம்தான்.

செய்ய வேண்டியது அவள் கைக்கு ஏற்கனவே தெரிந்த வேலைதான். முதலில் கோனைத் தூக்கு, பிறகு முடிச்சு, அதற்கப்புறம்தான் இறக்கு. ‘நில்லு’ என்று சிக்னல் வந்ததும் கீபோர்டைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திரையைத் துடைக்க வேண்டும். லாட்டின் பூட்டைத் திறந்துவிட வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் தூங்க வேண்டும். ‘எழுந்து நட’ என்று வந்தால் கீபோர்டைத் திரும்ப எடுத்து, லாட்டைத் திரும்பப் பூட்டி, தூங்கிய நேரத்தில் வேறு யாராவது எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்து, அதற்குப் பிறகே பக்கத்தை வரைந்து, விட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பென்சிலால் அந்தப் பேப்பரின் ஓரத்தில் வரிசையாக எழுதி வைத்தாள்.

தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஊரை விட்டு வெளியே போக மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் உள்ளே வருவார்கள். அன்று கம்ப்யூட்டர் ரூமுக்கு லீவு, மெஷின் சும்மா கிடக்கும். இதை விட்டால் வேறு நாள் இல்லை. எதிரே வந்த பஸ் எல்லாம் ஆளைத் திணித்துக்கொண்டு வர, அவள் ஏறிய பஸ் காலியாக ராஜபாளையம் போனது. “என்னம்மா, ஆண்டாள விட்டுட்டு எங்க போறீய?” என்று கண்டக்டர் கேட்டார். “அவ கோவிச்சுக்கிட மாட்டா, அவளும் ஒரு பொம்பளதான்” என்றாள்.

ஜெயபாய் துணைக்கு வந்திருந்தாள், இரண்டு ஆளுக்குச் சோறு கட்டிக்கொண்டு. சண்முகத்தாய் எழுதியதை ஏற்றி, ஓட்டி, கன்ட்ரோல் இஸட் அமுக்கினாள். திரை சுத்தமானது. பூட்டும் திறந்துகொண்டது. ஆனால் டாலர் குறி வரவில்லை.

“என்னட்டி இது, பாயெல்லாம் விரிச்சுட்டுப் படுக்காம உக்காந்திருக்கு?” என்றாள் ஜெயபாய்.

ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புஸ்தகத்தில் காரணம் கிடைத்தது. சிக்னல் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புரோகிராம் சொல்லிவிட்டால், மெஷின் கை கழுவிவிடும். அப்புறம் தூங்குவதும் புரோகிராமின் சொந்தப் பொறுப்பு. ஏற்பாடெல்லாம் முடிந்ததும், ‘இனி வழக்கம்போல நடக்கட்டும்’ என்று சொல்லிவிட்டு, அதே சிக்னலைத் தனக்குத்தானே இன்னொரு தடவை அனுப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு வரி சேர்த்தாள். அமுக்கினாள். டாலர் குறி வந்தது, தட்டிய எழுத்தும் தெரிந்தது. எஃப், ஜி. பக்கம் அப்படியே திரும்பி வந்தது.

“ஸ்தோத்திரம்!” என்று ஜெயபாய் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கி, நம்பிக்கையோடு இன்னொரு தடவை அமுக்கினாள். பழைய வியாதி. டாலர் குறி, செத்த கீபோர்டு, பூட்டிய லாட், எல்லாம் அச்சு அசலாக.

இரண்டு பேரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். சண்முகத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். முதல் தடவை சரி, இரண்டாம் தடவை இல்லை. அப்படியானால் முதல் தடவையில் எதையோ எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கவில்லை. எதை? தூங்குவதற்கு முன்னால் ‘வழக்கம்போல நடக்கட்டும்’ என்று சொன்னோமே! எழுந்த பிறகு ‘இனி நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று மறுபடி சொல்லவே இல்லையே! சாம்பார்க் கையோடு எழுந்தவளை ஜெயபாய்தான் பிடித்துக் கை கழுவ அனுப்பினாள்.

சேர்த்தது ஒரே ஒரு வரி. ஜெயபாய் அமுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே அமுக்கினாள். இருபத்தைந்து தடவை தூங்கி இருபத்தைந்து தடவை எழுந்தது. ஒரு டெர்மினலில் லாட்டைத் தூங்கப் போட்டுவிட்டு, அடுத்த டெர்மினலில் அதே லாட்டைத் திறந்து எடையை மாற்றிவிட்டு வந்தாள். எழுப்பியதும் புது எடையைக் காட்டியது. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்த ஏசி ரூமில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சண்முகத்தாய்க்கு மூச்சு வாங்கவே இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சின்ன முதலாளி வந்தார். ராஜூக்கள் குடும்பம், வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், கோபத்தில் இரண்டும். பின்னால் பொன்னுராஜ், கையில் ஒரு ஃபைல். அதற்குள் ஏழு பேரையும் வைண்டிங்குக்கு மாற்றும் ஆர்டர், சனிக்கிழமையே டைப் அடித்தது, கையெழுத்துக்காக. அடித்தவள் ஜெயபாய்தான். அவளையே அடிக்கச் சொல்லியிருந்தார் புண்ணியவான்.

ஏழு பேரும் நிஜ வேலையில் இருந்தார்கள், நிஜ லாட், கேட்டில் நிஜ லாரி. அந்த ஒரு வரித் தடையை சண்முகத்தாய் காலையிலேயே எடுத்துவிட்டிருந்தாள்.

“முதலாளி, எது பட்டா நிக்குதுன்னு சொன்னோமோ, அத நாங்களே அமுக்குதோம்” என்றாள். பிறகு திரும்பி, “எல்லாரும் ஒண்ணா அமுக்குங்க” என்றாள்.

ஏழு சுண்டுவிரல். ஏழு டாலர் குறி. பொன்னுராஜ் முகம் வெளுத்துவிட்டது. அதே நேரத்தில் கேட்டிலிருந்து போன். 214-ம் லாட் ஏறியாச்சா, டிரைவர் கத்துகிறான் என்றார்கள். நினைத்து வைத்தாற்போல் வந்த போன். யாரும் நினைத்து வைக்கவில்லை. ஜெயபாய் தன் டாலர் குறியிலேயே 214-ஐக் கூப்பிட்டுப் பார்த்து, “ஏறியாச்சு, நாற்பது மூட்டை, விடுங்க” என்றாள். வெளியே லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

“இப்ப எஃப், ஜி” என்றாள் சண்முகத்தாய்.

ஏழு பக்கமும் திரும்பி வந்தன. ஜெயபாயின் பக்கத்தில் பதினேழாவது மூட்டைக்கு எதிரே 61 என்று அடித்துப் புள்ளி வைத்திருந்தாள். புள்ளிக்குப் பக்கத்திலேயே, அடுத்த எண்ணுக்காக, கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சின்ன முதலாளி ஜெயபாயை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தானே அமுக்கினார். எழுப்பினார். மறுபடி அமுக்கினார். தூங்க வைத்துவிட்டு டெர்மினலை அணைத்துப் போட்டு எழுப்பினார். பத்து நிமிஷம் அவர் அதை விழவைக்கப் பார்த்தார்; அது விழவில்லை. “பாகுந்தி” என்று தெலுங்கில் தனக்குள் மெச்சிக்கொண்டார். “மதுரைல இருந்து யார் வந்து பண்ணுனா?”

பொன்னுராஜ் மறைக்கவில்லை. “யாரும் வரல முதலாளி. நம்ம சண்முகத்தாய்.”

சின்ன முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தப்பு யார் மேலம்மா?”

“யார் மேலயும் இல்ல முதலாளி. வெரல் பழகுன எடத்துக்குத்தான் போகும். புரோகிராம்தான் அதுக்குத் தயாரா இருக்கணும்.”

அவர் ஃபைலை வாங்கி ஆர்டரைப் படித்தார். பேனாவைத் திறந்தார். ஏழு பெயரையும் குறுக்காக ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு, “வைண்டிங்ல டைப்ரைட்டிங் முடிச்ச பொண்ணுங்க இன்னும் எத்தன பேரு?” என்று கேட்டார்.

சண்முகத்தாய்க்கு அது கேட்காமலே தெரியும். “மூணு பேரு, முதலாளி. குருவம்மாள், மாரியாத்தாள், தங்கபாய். குருவம்மாளுக்கு எனக்கு இருந்த மாதிரியே இளைப்பு.”

அவர் ‘கம்ப்யூட்டர் ரூமுக்கு’ என்று போட்டு அந்த மூன்று பெயரையும் அதே தாளில் எழுதினார். அதற்கு மேலே, புரோகிராமர் என்று போட்டு நான்காவதாக ஒரு பெயரை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மதுரை ஆட்கள் இரண்டு பேரும் மத்தியானம் வந்து, காப்பி குடித்துவிட்டு, அந்தப் புரோகிராமின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மில் வாழ்க்கையில் எதைத் தொட்டாலும் வசவு வாங்கியே பழகியவர்கள். உள்ளே வரவே கூச்சம். சண்முகத்தாய் கதவைத் திறந்து குருவம்மாளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். குருவம்மாள் கீபோர்டுக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, “அக்கா, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டா?” என்றாள்.

“அமுக்கு” என்றாள் சண்முகத்தாய். “எத வேணா அமுக்கு. ஒண்ணும் ஆவாது.”